பன்னிரண்டு மணிச் சங்கு

பார்லோ
ஏப்ரல் 14

ராய்ஸ்,

நேற்று ஆறு மணிச் செய்தியில் உன்னைப் பார்த்தேன். நாளைக்கு மழை உண்டா என்று தெரிந்துகொள்ளத்தான் டிவியைப் போட்டேன். கவர்னர் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் கையாட்டிவிட்டுப் போய்விட்டாய். மழை பற்றி யாரும் சொல்லவில்லை. காலையில் துணி எல்லாம் நனைந்தது.

மூன்று தடவை போன் செய்திருக்கிறாய். நான் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். உன் குரலைக் கேட்டால் நான் சரி சரி என்று தலையாட்டிவிடுவேன். இருபத்திரண்டு வருடமாக ஓக்லஹோமாவில் பாதிப் பேர் அந்தக் குரலுக்குத் தலையாட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுது. காகிதத்தில் உனக்குக் குரல் கிடையாது.

டைனரில் இன்று இதே பேச்சுதான். "நம்ம ராய்ஸ் வாட்சைக் கழட்டிட்டான், இனிமே தலைநகர்ல இருக்கறவனெல்லாம் ஓடிப்போய் நிலவறைல ஒளிய வேண்டியதுதான்" என்று வேன்ஸ் சொல்ல, கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்வானேன். டிவியில் வானிலை சொல்லும்போது நீ கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தால் சுழற்காற்று நிச்சயம், பேசாமல் எழுந்து நிலவறைக்குள் போ என்று அர்த்தம். இங்கே பேசப் பழகாத குழந்தைக்குக்கூட அது தெரியும். ஊரில் அவ்வளவு நம்பிக்கை உன்மேல்.

நீ நிற்பதில் எனக்கு வருத்தமில்லை. கார் விற்பவன் நிற்கிறான், மல்யுத்தம் செய்தவன் நிற்கிறான், நீ நின்றால் என்ன? ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் சுழற்காற்று அடித்த அந்த மே மாதச் சனிக்கிழமையை உன் பிரசாரத்தில் எடுக்காதே. லைலைப் பறிகொடுத்து நான் விதவையானது அன்றுதான். தீயணைப்பு நிலையத்து ஆர்வல் டாக்கெட் அன்றுதான் தலை குனிந்தார். உனக்குச் சொல்ல வேறு நூறு கதை இருக்கும், அவற்றைச் சொல்.

இந்த வருடம் என்னை வாக்குச்சாவடி மேஜையில் உட்காரவிடமாட்டார்கள். வேட்பாளரின் கூடப்பிறந்தவள் உட்காரக்கூடாது என்று விதி இருக்கிறது. பதினான்கு வருடம் அந்தப் பெயர்ப் புத்தகத்தை நான்தான் வைத்திருந்தேன். அதற்கும் உனக்கு நன்றி.

நேடின்


துல்சா
ஏப்ரல் 22

அன்புள்ள நேடின்,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு பேனாவைத் தேடினேன். பேனா பிடித்து எத்தனை காலமாயிற்று தெரியுமா? கையெழுத்துப் போடுவதோடு சரி.

நனைந்த துணிக்கு மன்னிப்பு. வேட்பாளன் வானிலை சொன்னால் மற்ற வேட்பாளர்களும் அதே அளவு நேரம் கேட்கலாமாம், அது சட்டம். அந்தக் கார் வியாபாரியும் செனட்டரும் வரைபடத்தின் முன்னால் நின்று கைவீசுவதைப் பார்க்க ஊர் தாங்காது. அதனால் என்னை அனுப்பிவிட்டார்கள். மேஜையைக் காலி செய்யும்போது அழுதேன். யாரிடமும் சொல்லாதே.

எனக்குப் பிரசார மேலாளர் என்று ஒருவர் வந்திருக்கிறார், கெல்லம் என்று பெயர். வெளி மாநிலத்துக்காரர். தினமும் இரண்டு மணி நேரம் என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்டுப் பழக்குகிறார். எண்ணெய்க் கிணறு, பள்ளிக்கூடம், சிறைச்சாலை என்று எனக்கு ஒன்றும் தெரியாத விஷயங்கள். நேற்று ஒரு கேள்விக்கு "எனக்குத் தெரியாது" என்றேன். மனிதர் கோப்பையை டக்கென்று மேஜையில் வைத்தார். "இன்னொரு தடவை அந்த வார்த்தை உங்க வாயில வரக்கூடாது. உங்களுக்கு ஓட்டுப் போடறவங்க எதுக்குப் போடறாங்க? அடுத்து என்ன வரும்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கங்கறதால போடறாங்க" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான்.

சனிக்கிழமை விஷயம். நீ சொல்வது புரிகிறது. லைல் எனக்கும் வேண்டியவன், அவன் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். என்னால் முடிந்தவரை அதைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தம்பி,
ராய்ஸ்


பார்லோ
ஆகஸ்ட் 19

ராய்ஸ்,

"முடிந்தவரை" என்று எழுதியபோதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

உன் விளம்பரத்தைப் பார்த்தேன். முடிதிருத்தும் கடையில் தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்து பார்த்தேன். பெரிய மேகம் வருகிறது, சங்கு ஊதுகிறது. பிறகு ஒரு குரல்: "வானம் கறுத்துக்கிட்டு வந்தது. அதிகாரிங்க என்ன செஞ்சாங்க? எப்பவும்போல டெஸ்ட்டுச் சங்கு ஊதிட்டு உக்காந்திருந்தாங்க. ஒரே ஒரு மனுஷன்தான் முழிச்சுக்கிட்டு இருந்தான்." அப்புறம் நீ வருகிறாய், கைக்கடிகாரத்தைக் கழற்றுகிறாய். என் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் கைதட்டினாள்.

அதிகாரிகளாம். எத்தனை பேர் ராய்ஸ்? பார்லோ தீயணைப்பு நிலையத்தில் சங்கின் சுவிட்ச் ஒருத்தர் கையில்தான் இருந்தது. மாவட்டம் முழுக்க அவர் பெயர் தெரியும்.

நீ மறந்துவிட்டாய் என்றால் நான் ஞாபகப்படுத்துகிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் பன்னிரண்டு மணிக்குச் சுழற்காற்றுச் சங்கைச் சோதனைக்கு ஊதுவார்கள். வானம் சரியில்லை என்றால் அன்றைக்கு ஊதக்கூடாது, உண்மையான சங்கையும் சோதனை என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள் என்பதால். ஆர்வலுக்கு அன்று காலையில் சந்தேகம் வந்தது. தெற்கே பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்பதரைக்கு உனக்குப் போன் செய்தார். நான் அந்த அலுவலகத்தில் கணக்கு டைப் செய்துகொண்டிருந்தேன். அவருக்குக் கைநிறைய கயிறு, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினார்.

"ராய்ஸ், இன்னிக்கு டெஸ்ட்டை நிறுத்திடவா?" என்று கேட்டார்.

நீ சிரித்தாய். "மூணு மணிக்கு முன்னாடி ஒண்ணும் வராது ஆர்வல். நான் சொல்றேன்ல? தைரியமா ஊதுங்க" என்றாய்.

அவர் ஊதினார். பன்னிரண்டு மூன்றுக்கு நின்றது. பன்னிரண்டு பதினொன்றுக்கு மறுபடி ஊதினார், இந்தத் தடவை உண்மையாக. நான் லைல் இருந்த டயர் கடைக்குப் போன் செய்தேன். லைல் சொன்னது இதுதான்: "சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஊதாம வேற எப்ப ஊதும்? ஆர்வல் கை சுவிட்சுல ஒட்டிக்கிச்சு போல." சிரித்தார். நான் கத்தினேன். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்களை நீ காப்பாற்றினாய். முப்பத்தொரு நிமிடம் தெருத் தெருவாகப் பெயர் சொல்லி நிலவறைக்கு அனுப்பினாய், அதை நான் மறுக்கவே மாட்டேன். வெளியே இருந்த நாலு பேர் சங்கை மட்டும் கேட்டார்கள். சோதனை என்று நினைத்தார்கள், செத்தார்கள்.

இந்த விளம்பரத்தை நிறுத்து.

நேடின்


ஓக்லஹோமா சிட்டி
ஆகஸ்ட் 30

நேடின்,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

நீ அந்த அறையில் இருந்தாய் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. ஒன்பது வருடம் எப்படி உன்னால் சொல்லாமல் இருக்க முடிந்தது?

நான் மறக்கவில்லை. ஆனால் கொஞ்சம் நியாயமாக யோசி. அன்று காலை என் முன்னால் இருந்த படங்கள் எல்லாமே மூன்று மணி என்றுதான் காட்டின. என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் அபிப்பிராயம் சொன்னேன், அவ்வளவுதான். ஊதுவதும் ஊதாததும் அவர் பொறுப்பு. சந்தேகம் இருந்தால் அவரே நிறுத்தியிருக்கலாமே? பிறகு நடந்த விசாரணைக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லியிருக்கலாமே? அவர் சொல்லவில்லை. பயந்தாரோ, மறந்தாரோ, எனக்குத் தெரியாது. அவரே சொல்லாததை நான் போய் ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். அப்படியே வருடம் ஓடிவிட்டது.

விளம்பரத்தின் வாசகம் நான் எழுதியதல்ல. பதிவு செய்யும்போது படித்தேன், ஏதோ உறுத்தியது. கெல்லமிடம் சொன்னேன். "எதிரி இல்லாம வெளியாள் கிடையாது சார். அவங்க தூங்கினாங்க, நீங்க முழிச்சிருந்தீங்க. உங்க மொத்தத் தேர்தலும் இந்த ஒரு வரிதான்" என்றார். இப்போது கருத்துக்கணிப்பில் செனட்டரை விட இரண்டு புள்ளிதான் பின்னால் இருக்கிறேன். என்னைப் பார்த்து ஜனங்கள் அழுகிறார்கள் நேடின், கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள். உண்மையாகவே என்னால் சில நல்லது செய்ய முடியும். பள்ளிக்கூடத்துக்கெல்லாம் நிலவறை கட்டலாம். அதற்கு முதலில் நான் ஜெயிக்க வேண்டுமே?

ஜெயித்த பிறகு ஆர்வலுக்கு ஏதாவது செய்கிறேன். சத்தியமாக.

ராய்ஸ்


பார்லோ
செப்டம்பர் 9

ராய்ஸ்,

அவர் பயந்தார் என்றா எழுதினாய்? அந்த வரியை நான் எச்சில் துப்பி அழிக்க வேண்டும் போலிருந்தது.

விசாரணைக் கூட்டம் நகர மன்றத்தில் நடந்தபோது உனக்குத் துல்சாவில் பாராட்டு விழா. அதனால் உனக்குத் தெரியாது. மகனைப் பறிகொடுத்த மார்லா ஹென்ஸ்லி ஆர்வலின் முகத்துக்கு நேரே வந்து, "என் பையனைக் கொன்னுட்டியேய்யா" என்று சொன்னாள். நான் எழுந்தேன். லைலைப் புதைத்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது, எனக்குத் தம்பி பெரிதாகத் தெரியவில்லை. வாயைத் திறந்தேன். ஆர்வல் என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்து உட்கார வைத்தார்.

வெளியே அவர் லாரியில் ஏறி உட்கார்ந்த பிறகு அவர் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன். "நேடின், உன் தம்பி வாட்சைக் கழட்டினா இந்த மாவட்டமே எழுந்து ஓடி ஒளியுது. அந்த மாதிரி நம்பிக்கை இன்னொருத்தர்மேல வர இருபது வருஷம் ஆகும். அவன் தப்பா சொன்னான்னு இன்னிக்கு நீ சொன்னா, அடுத்த தடவை அவன் கத்தும்போது பாதிப் பேர் சோபாவுலயே உக்காந்திருப்பாங்க. எத்தனை பேர் சாவாங்க? என்னைத் திட்டறதால யாரும் சாகப்போறதில்ல."

அதன் பிறகு வேலையை விட்டார். ஊரிலிருந்து ஏழு மைல் தள்ளி அவர் மகளோடு இருக்கிறார். தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறார். ஒன்பது வருடமாகப் பார்லோவுக்குள் அவர் கால் வைத்ததில்லை. ரொட்டி வாங்கக்கூட அடுத்த ஊருக்குப் போகிறார். வாக்குச்சாவடிப் புத்தகத்தில் அவர் பெயருக்கு எதிரே ஒவ்வொரு தேர்தலுக்கும் "தபால்" என்று குறித்தவள் நான்தான். கிறிஸ்துமஸுக்கு நான் பீக்கன் கொட்டைப் பலகாரம் எடுத்துக்கொண்டு போவேன். உன்னைப் பற்றிக் கேட்பார். "ராய்ஸ் நல்லா இருக்கானா? போன வாரம் ஒரு புயலை அருமையா சொன்னான்" என்பார்.

ஆகவே நான் ஏன் ஒன்பது வருடம் வாயைத் திறக்கவில்லை என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். உனக்காக அல்ல.

இனி நீ வானிலை சொல்லப்போவதில்லை. உன் கைக்கடிகாரம் இனி யாரையும் நிலவறைக்கு அனுப்பப்போவதில்லை, ஓட்டு வாங்க மட்டும்தான் உதவும். ஆர்வல் தன் பெயரைக் கொடுத்தது ஒரு வானிலைக்காரனுக்கு, கவர்னருக்கு அல்ல. அதைத் திருப்பிக் கொடுத்துவிடு. ஜெயித்த பிறகு கொடுத்தால் அது பிச்சை.

அன்று காலை நீ அவரிடம் "எனக்குத் தெரியாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் ஊதியிருக்க மாட்டார். லைல் எதிரே உட்கார்ந்து இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டிக்கொண்டிருப்பார்.

நானே பத்திரிகைக்காரர்களிடம் போகலாம். போகமாட்டேன். நீ சொல்ல வேண்டும்.

நேடின்


எனிட்
செப்டம்பர் 27

அக்கா,

அக்டோபர் 11, சனிக்கிழமை, பார்லோவில் கூட்டம். நகர மன்றத்தின் முன் புல்வெளியில். கெல்லம் நேரம்கூடக் குறித்துவிட்டார்: சரியாகப் பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதும்போது நான் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தூக்கிக் காட்ட வேண்டும், கூட்டமும் காட்ட வேண்டும், கேமராக்கள் தயாராக இருக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நான் மாட்டேன் என்று சொல்லவில்லை.

வா. முன்வரிசையில் வேண்டாம், எங்கேயாவது நில். நீ நிற்கிறாய் என்று தெரிந்தால் போதும்.

ராய்ஸ்


பார்லோ
அக்டோபர் 12

ராய்ஸ்,

நேற்று நீ உன் பேருந்தில் ஏறிப் போய்விட்டாய். மேடையிலிருந்து உனக்கு எவ்வளவு தெரிந்ததோ, எனக்குத் தெரியாது. கீழே நின்றவள் எழுதுகிறேன்.

பொரித்த கெளுத்தி மீன், பள்ளிக்கூடப் பாண்டு வாத்தியம், உன் கைக்கடிகாரப் படம் போட்ட சட்டைகள் என்று திருவிழாவாகத்தான் இருந்தது. நான் தபால் நிலையத்துப் படிக்கட்டில் நின்றேன். பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியதும் நீ கழற்றினாய், எல்லோரும் கழற்றினார்கள். வேன்ஸுக்குக் கைக்கடிகாரம் கிடையாது, தொப்பியைக் கழற்றினான். மூன்று நிமிடம் அந்தச் சத்தம். சங்கு நின்ற பிறகு உன் கை இறங்கவில்லை. நீ வேறு ஏதோ சொல்லப்போகிறாய் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

"இதைக் கழட்டற தகுதி எனக்கு இல்லை" என்று ஆரம்பித்தாய். விளையாட்டு என்று நினைத்து நாலைந்து பேர் சிரித்தார்கள். "அன்னிக்குக் காலைல ஒன்பதரைக்கு ஆர்வல் டாக்கெட் எனக்குப் போன் பண்ணி, டெஸ்ட்டை நிறுத்தட்டுமான்னு கேட்டாரு. நான் ஊதச் சொன்னேன். மூணு மணிக்கு முன்னாடி வராதுன்னு நான்தான் சொன்னேன். நாலு பேர் போயிட்டாங்க. அதுல ஒருத்தர் என் அக்கா புருஷன். ஆர்வல் மேல ஒரு தப்பும் இல்லை. ஒன்பது வருஷம் அவர் என் பழியைச் சுமந்தாரு, நான் சும்மா பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த முப்பத்தொரு நிமிஷம் நான் நிறுத்தாம பேசினது தைரியத்துல இல்லை. காலைல என்ன சொல்லித் தொலைச்சேன்னு எனக்குத் தெரியும். அந்த பயத்துல பேசினேன்."

மார்லா ஹென்ஸ்லி எனக்கு நாலடி முன்னால் நின்றாள். கையிலிருந்த தட்டை மெதுவாகப் புல்லில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்து போனாள். அவள் காரை எடுத்துக்கொண்டு எங்கே போனாள் என்று உனக்குச் சொல்கிறேன். நேரே ஆர்வல் வீட்டுக்கு. அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன்.

அப்புறம் யாரோ ஒருத்தன் கத்தினான்: "ராய்ஸ், நாங்க உன் பக்கம்தான்யா! இந்த மாதிரி ஒத்துக்கற ஒரு அரசியல்வாதியைக் காட்டுங்க பாப்போம்!" கைதட்டல் ஒரு மூலையில் ஆரம்பித்துப் புல்வெளி முழுக்கப் பரவியது. நாலு பேர் செத்ததற்குக் கைதட்டினார்கள். நீ அழுதாய், அதற்கும் தட்டினார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டேன். ஆனால் ராய்ஸ், நீ கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாய். அவர்கள் நிறுத்தவில்லை. அதை நான் பார்த்தேன்.

நீ சொல்லிவிட்டாய். எனக்கு அழுகை வந்தது. இன்னும் கோபமும் இருக்கிறது.

நேடின்


ஓக்லஹோமா சிட்டி
அக்டோபர் 21

அக்கா,

அந்த அழுகையை விளம்பரமாக்கிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஹோட்டல் அறையில் ஷேவ் செய்துகொண்டிருந்தேன், டிவியில் நான் அழுகிறேன். பின்னால் பியானோ வாசிக்கிறார்கள். "தவறை ஒத்துக்கொள்ளும் துணிச்சல்" என்று எழுத்து வருகிறது. லைல் பெயரை வெட்டிவிட்டார்கள். ஆர்வல் பெயரையும் வெட்டிவிட்டார்கள், நீளமாக இருக்கிறதாம். நான் செனட்டரைத் தாண்டி ஐந்து புள்ளி முன்னால் வந்துவிட்டேனாம்.

கெல்லமைக் கூப்பிட்டேன். குதூகலமாக வந்தார். "முன்னாடியே என்கிட்ட சொல்லியிருந்தா இன்னும் நல்ல கோணத்துல எடுத்திருப்பேன் சார். நீங்க அழுதது பிரமாதமா விழுந்திருக்கு" என்றார். நிறுத்தச் சொன்னேன். "மன்னிப்பு ஓட்டா மாறினா அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை அக்கா, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். ஆறு மாதம் அவரோடு சாப்பிட்டவன் நான், எனக்கே பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

இரண்டு விளம்பரத்தையும் நிறுத்திவிட்டேன். அவர் தன் ஆட்களோடு போய்விட்டார். தேர்தலுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. செனட்டரின் ஆட்கள் இப்போது நான் நாலு பேரைக் கொன்றேன் என்று துண்டுச்சீட்டு அடிக்கிறார்கள். அதில் ஆர்வல் பெயர் இருக்கிறது, குற்றமற்றவர் என்று. என் சொந்தப் பணத்தில் அடித்திருந்தால்கூட இவ்வளவு தெளிவாக எழுதியிருக்க மாட்டேன்.

நேற்று ஆர்வல் வீட்டுக்குப் போனேன். தனியாக. கதவைத் தட்டினேன். ஜன்னல் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தேன். நியாயம்தான்.

இனி எனக்கு வாக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், கூட்டத்துக்குக் கூட்டம் போகிறேன். ஒரு பள்ளிக்கூடத்தில் ஒருவர் சிறைச்சாலை பற்றிக் கேட்டார். படித்துவிட்டு எழுதுகிறேன் என்று முகவரி வாங்கிக்கொண்டு வந்தேன். என்னை விநோதமாகப் பார்த்தார்.

ராய்ஸ்


பார்லோ
நவம்பர் 6

ராய்ஸ்,

முடிவு தெரிந்த அன்று எழுதினால் ஆறுதல் சொல்வதுபோல் இருக்கும் என்று இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். தோற்றுவிட்டாய். மூன்றாம் இடம் என்பதுதான் கொஞ்சம் அதிகம். அந்தக் கார் வியாபாரிக்குக் கீழேயா போக வேண்டும்?

வாக்குப்பதிவு வழக்கம்போல் மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில். நான் முதல்முறையாக மேஜைக்கு இந்தப் பக்கம், வரிசையில் நின்றேன். எட்டரை மணி இருக்கும். எனக்கு முன்னால் முப்பது பேர். பின்னால் திடீரென்று பேச்சு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் ஆர்வல். சலவை செய்த சட்டை, தொப்பி கையில். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஊருக்குள் வந்திருக்கிறார்.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வேன்ஸ்தான் முதலில் வரிசையிலிருந்து விலகி, "முன்னாடி வாங்க ஆர்வல், நீங்க போய்ப் போட்டுட்டு வாங்க" என்றான். மற்றவர்களும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆர்வல் அவனைப் பார்த்தார். "நான் எதுக்கு முன்னாடி போகணும்? வரிசைன்னா வரிசைதான்" என்று சொல்லிவிட்டுக் கடைசியில் போய் நின்றார். நானும் பின்னால் போய் அவரோடு நின்றுகொண்டேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. வந்தவர் போனவரெல்லாம் அவரிடம் இந்த வருடம் குளிர் சீக்கிரம் வந்துவிட்டது, கோதுமை எப்படி, மகள் எப்படி என்று கேட்டார்கள். வேறு எதையும் யாரும் பேசவில்லை. பேசத் தைரியம் வரவில்லை, வேறென்ன?

யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்து, 'வாக்களித்தேன்' என்று அச்சிட்டுக் கொடுக்கும் அந்த ஒட்டுச்சீட்டைச் சட்டையில் ஒட்டிக்கொண்டார். "உன் தம்பி அன்னிக்கு வீட்டுக்கு வந்தான். நான் திறக்கலை. சட்டை போட்டிருக்கலை, அதான்" என்றார். அது பொய். ஆனால் நல்ல மனதோடு சொன்ன பொய், அதனால் அப்படியே உனக்கு அனுப்புகிறேன்.

நான் உனக்குத்தான் போட்டேன். ஏப்ரலில் கேட்டிருந்தால் சத்தியமாக மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். கட்டத்தை மூலைகூட விடாமல் கறுப்பாக்கினேன்.

நேடின்


துல்சா
மார்ச் 21, சனிக்கிழமை

அக்கா,

இன்று நடந்ததை உடனே எழுதாவிட்டால் நான் எனக்கே வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன். என் குணம் உனக்குத் தெரியும்.

சமுதாயக் கல்லூரியில் வாரம் இரண்டு நாள் மேகம் பற்றிப் பாடம் எடுக்கிறேன் என்று முன்பே எழுதியிருந்தேன். டிவியில் என் இடத்துக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். நன்றாகச் சொல்கிறாள். எதையும் கழற்றுவதில்லை.

இன்று ஒன்பதரைக்குப் போன் அடித்தது. தெரியாத எண்.

"ராய்ஸ், ஆர்வல் பேசறேன்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். தீயணைப்பு நிலையத்தில் சுவிட்சை மறுபடி அவரிடம் கொடுத்திருக்கிறார்களாமே, நீ எழுதவே இல்லையே? பின்னால் யாரோ தண்ணீர்க் குழாய் இழுக்கும் சத்தம் கேட்டது.

"தெற்குப் பக்கம் மேகம் கட்டுது. இன்னிக்கு டெஸ்ட்டு ஊதவா?" என்றார்.

"ஆர்வல், நான் இப்ப டிவில இல்லை" என்றேன்.

"அது எனக்குத் தெரியும்யா. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

ஜன்னல் பக்கம் போனேன். பழக்க தோஷத்தில் கணினிப் படங்களையும் திறந்தேன். சாயங்காலம்வரை ஒன்றுமில்லை என்றுதான் எல்லாம் காட்டின. ஐந்து மணிக்கு முன் வராது என்று வாயில் வந்துவிட்டது அக்கா. அதே குரலில், அதே சிரிப்போடு. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

"எனக்குத் தெரியாது, ஆர்வல்" என்றேன்.

"சரி. அப்ப ஊத வேணாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இந்தத் தடவை யாரும் படம் எடுக்கவில்லை. மாலை ஆறு மணிவரை ஜன்னலிலேயே இருந்தேன். ஒரு துளி மழைகூட வரவில்லை.

பார்லோவில் பன்னிரண்டு மணிக்கு எப்படி இருந்தது? எழுது.

ராய்ஸ்


பார்லோ
மார்ச் 25

ராய்ஸ்,

சத்தமில்லாமல் இருந்தது. தெருவில் எல்லோரும் மணியைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். மார்லா தன் கடையைப் பூட்டிவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். இருவரும் நிலவறைப் படியில் உட்கார்ந்து காபி குடித்தோம், ஒன்றும் வராது என்று தெரியும்வரை.

போன் பண்ணு. எடுக்கிறேன்.

நேடின்